நாற்பது சென்ரிமீற்றர்

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒருவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் பதில் ஒரு வார்த்தையில் வரும். துறைமுகம், கஸ்டம்ஸ், வங்கி, கப்பல் ஏஜன்சி, இல்லாவிட்டால் புறக்கோட்டையில் கடை. கிளறன்ஸுக்கு மட்டும் ஒரு வார்த்தை போதாது. கலியாண வீட்டில் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால், பக்கத்தில் இருக்கும் அவருடைய மனைவி மாக்ரெட் கதிரையைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொள்வாள். இனிக் கேட்டவர் பாடு என்பது அவளுக்குத் தெரியும்.

"காட்டுக்குள்ள தண்ணி எவ்வளவு ஆழத்தில நிக்குதெண்டு அளக்கிறது."

"எதுக்கு?"

"எழுதி வைக்கிறதுக்கு."

"எழுதி வைச்சு?"

"அடுத்த கிழமையும் போய் அளக்கிறது."

கேட்டவர் சிரித்துவிட்டுச் சாப்பாட்டு மேசைப் பக்கம் திரும்புவார். கிளறன்ஸுக்கு அதில் கோபம் வந்ததில்லை. தன் வேலையை விளங்கப்படுத்த ஒரு முழு நாள் வேண்டும், கலியாண வீட்டில் யாருக்கும் அவ்வளவு நேரம் கிடையாது என்று அவர் ஒத்துக்கொண்டுவிட்டார். நமக்கு அவசரம் இல்லை, ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே பார்ப்போம்.

களுத்துறைக்கு உள்பக்கம், இறப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் வெல்மடுவ என்றொரு சதுப்புக் காடு இருக்கிறது. அங்கே காலுக்குக் கீழே இருப்பதை மண் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். விழுந்த இலையும் வேரும் கிளையும் தண்ணீருக்குள் கிடந்து, முழுதாக உக்கவும் வழியில்லாமல், ஆயிரக்கணக்கான வருடங்களாக ஒன்றின்மேல் ஒன்று சேர்ந்த கறுப்புப் பண்டம் அது. படித்தவர்கள் அதைப் பீட் என்கிறார்கள், ஊர்ச் சனம் கறுப்பு மண் என்கிறது. நாலு மீற்றர் ஆழத்துக்கு அதுதான், அதற்குக் கீழே களி. தண்ணீர் மேலே நிற்கும் வரைக்கும் அந்தக் கறுப்பு மண் இருக்கும். தண்ணீர் இறங்கினால் அது சுருங்கும், உக்கும், நாளடைவில் காற்றோடு போய்விடும். அது போனால் மேலே நிற்கும் மரங்களும் போகும். தண்ணீரை அளப்பது இதற்காகத்தான்.

கொழும்பு ஏழில் உள்ள ஓர் ஆய்வு நிலையம் 1999இல் அந்தக் காட்டில் வேலையைத் தொடங்கியது. காட்டுக்குள் இரண்டு சிற்றோடைகள். ஓர் ஓடையைச் சுற்றி மரங்களை வெட்டுவது, மற்றதைத் தொடாமல் விடுவது, இரண்டையும் வருடக்கணக்காக அளந்து ஒப்பிட்டுப் பார்ப்பது. வெட்டின பக்கத்துக்கு மாணவர்கள் வந்தார்கள், வெளிநாட்டுப் பேராசிரியர்கள் வந்தார்கள், கமெராக்கள் வந்தன. தொடாத பக்கத்துக்கு, அதுவரை நிலையத்தின் ஸ்டோர்ஸில் வேலை செய்த முப்பத்துநாலு வயது கிளறன்ஸ் அனுப்பப்பட்டார். ஒன்றும் நடக்காத இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று கிழமைக்கு ஒருமுறை எழுதுவதுதான் வேலை. வெட்டின பக்கத்து ஆய்வு எட்டு வருடத்தில் முடிந்து, எல்லாரும் கட்டுரை எழுதிப் பட்டம் வாங்கிப் போனார்கள். தொடாத பக்கத்தை நிறுத்தச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அது தொடர்ந்தது. பிறகு ஒருநாள் யாரோ எண்ணிப் பார்த்து, இவ்வளவு நீண்ட பதிவு இந்தப் பகுதியிலேயே வேறு இல்லை என்றார்கள். அன்றிலிருந்து அது பெரிய விடயமாகிவிட்டது.

புதன்கிழமைகளில் கிளறன்ஸ் விடியப் புறப்படுவார். கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து களுத்துறைக்கு ஒன்று, பிறகு தோட்டத்துப் பஸ், கடைசியில் நடை. காலில் சவர்க்காரத்தைப் பூசிக்கொண்டு காட்டுக்குள் இறங்குவார், அப்படியும் அட்டை விடாது. தொடாத பக்கத்தில் பத்து இரும்புக் குழாய்கள். ஓடைக்கரையில் ஒன்றாம் இலக்கம் தொடங்கி, கிழக்கு எல்லையில் பத்தாம் இலக்கம் வரை. ஒவ்வொன்றும் கறுப்பு மண்ணைத் துளைத்துக்கொண்டு கீழே களிக்குள் ஊன்றி நிற்கும். உடம்பெல்லாம் சிறு துளைகள் இருப்பதால் வெளியே தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதே மட்டத்தில்தான் உள்ளேயும் நிற்கும். அளவு நாடாவின் நுனியில் கட்டிய சின்னப் பித்தளைக் கிண்ணியைக் குழாய்க்குள் இறக்கினால், தண்ணீரில் பட்டதும் 'டொப்' என்று கேட்கும். மழைக்காலத்தில் தவளைகள் கத்தும்போது அந்தச் சத்தத்தைப் பிடிப்பதற்குப் பழக்கப்பட்ட காது வேண்டும்.

குழாயின் தலை நிலத்துக்கு மேலே நாற்பது சென்ரிமீற்றர் நீட்டிக்கொண்டிருக்கும். அளந்த ஆழத்தில் நாற்பதைக் கழித்தால், நிலத்துக்குக் கீழே தண்ணீர் எங்கே நிற்கிறது என்பது வந்துவிடும். ஆய்வைத் தொடங்கிய டொக்டர் அலவி அந்த எண்ணைக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்துக் கொடுத்தார்.

"கிளறன்ஸ், இந்த நாப்பது மாறக்கூடாது. இது மாறினா எல்லாக் கணக்கும் பிழைச்சிடும்" என்றார்.

கிளறன்ஸ் அதை மந்திரமாக எடுத்துக்கொண்டார். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர் அவர். குழாய்க்குப் பக்கத்தில் மிதித்தால் ஆளின் பாரத்துக்குத் தண்ணீர் மேலே வந்துவிடும், ஆகவே கமுகுப் பலகையில் மட்டும் நிற்க வேண்டும் என்றார்கள். இருபத்தாறு வருடத்தில் அவர் பலகையை விட்டு இறங்கியதில்லை. படம் எடுப்பதற்காக ஓர் அதிகாரி இறங்கி நின்றபோது, அவரை மேலே ஏற்றிவிட்டு, தண்ணீர் பழைய நிலைக்கு வரும் வரை அரை மணித்தியாலம் காத்திருக்க வைத்தார். அந்த அதிகாரி பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை.

யுத்த காலத்தில் இந்த வேலை செய்வதே ஒரு கூத்து. கொட்டாஞ்சேனை விலாசமுள்ள தமிழன், பைக்குள் அளவு நாடா, கொப்பி, பித்தளைக் கிண்ணி, காட்டின் வரைபடம். இதைவிட ஒரு ஆளை இறக்கி விசாரிக்க என்ன வேண்டும். ஆய்வு நிலையம் சிங்களத்தில் கொடுத்த கடிதத்தை லமினேற் செய்து சட்டைப் பைக்குள் வைத்திருப்பார். ஒருமுறை ஒரு சாவடியில் காலையிலிருந்து மத்தியானம் வரை நிறுத்திவைத்தார்கள். விட்டதும் வீட்டுக்குத் திரும்பாமல் காட்டுக்குப் போய் அளந்துவிட்டு, குறிப்புப் பகுதியில் 'பிற்பகல் 4.10, தாமதம்: சோதனைச் சாவடி' என்று எழுதினார். 2019 உயிர்த்த ஞாயிறன்று பக்கத்துக் கொச்சிக்கடைத் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது அவர் வீட்டு யன்னல்கள் அதிர்ந்தன. அடுத்து வந்த இரண்டு புதன்கிழமைகளும் அவர் சவ வீடுகளில் நின்றார். கொப்பியில் அந்த இரண்டு வரிகளும் வெறுமையாக இருக்கின்றன, குறிப்பில் 'போகவில்லை' என்று மட்டும் உண்டு. கொரோனா ஊரடங்கில் இன்னும் சில வரிகள் அப்படித்தான். முந்திய கிழமையையும் பிந்திய கிழமையையும் பார்த்து நடுவில் ஓர் எண்ணைப் போட்டால் ஒரு குருவிக்கும் தெரிந்திருக்காது. அவர் போடவில்லை. ஆய்வு நிலையத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அந்த வெறும் வரிகளைத்தான் முதலில் காட்டுவார்கள்.

ஜனவரியில் மழை விட்டதும் வருடாந்தத் துப்புரவு. பன்னச் செடிகளை வெட்டி ஒதுக்குவது, உழுத்த பலகையை மாற்றுவது, குழாய்களின் இலக்கத்துக்குப் புதுச் சாயம் பூசுவது. 2013 ஜனவரியில் இப்படிப் பூசிக்கொண்டிருந்தபோது ஒன்பதாம் குழாயும் பத்தாம் குழாயும் கொஞ்சம் உயர்ந்திருப்பதைக் கண்டார். அளந்து பார்த்தால் நாற்பத்திரண்டு. உட்காரும் பழைய வாங்குகளில் ஆணி மேலே கிளம்பி வந்து சாரத்தைக் கிழிப்பது அவருக்குத் தெரிந்த விடயம். தண்ணீர் கீழேயிருந்து தள்ளுகிறது, இரும்பு கிளம்புகிறது என்று நினைத்தார். நாற்பது மாறக்கூடாதே. நாற்பது சென்ரிமீற்றர் நீளத்துக்கு றீப்பை என்ற மெல்லிய மரச் சட்டத்தில் ஒரு துண்டை வெட்டிப் பக்கத்தில் நிறுத்தி, குழாயின் தலையில் பலகைத் துண்டொன்றை வைத்து, மரச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டி இறக்கினார். களி இடம் கொடுத்தது. றீப்பையின் மட்டத்துக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

அடுத்த ஜனவரியிலும் கிளம்பியிருந்தது, தட்டினார். அதற்கு அடுத்த ஜனவரியிலும் அப்படித்தான். இப்படிப் பதின்மூன்று ஜனவரி. அதை அவர் கொப்பியில் எழுதவில்லை. வீடு கூட்டியதை யாராவது டயரியில் எழுதுவார்களா?

2025 ஜூலையில் அவருக்கு அறுபது வயது முடிந்தது. ஆய்வு நிலையத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பிரியாவிடைத் தேநீர் வைத்தார்கள். பட்டிஸ், கேக், ஒரு சுவர் மணிக்கூடு. பேசுவதற்கு எழுந்தவர் டொக்டர் அர்பா. வெள்ளவத்தைக்காரி, மாணவியாக வந்து பதினொரு வருடத்தில் இந்த ஆய்வுக்கே பொறுப்பாளராகிவிட்டவள். கிளறன்ஸின் எண்களை வைத்துத்தான் அவளுடைய கலாநிதிப் பட்டம்.

அவளுக்கு அப்போது வேறொரு தலையிடியும் இருந்தது. காட்டின் கிழக்கு எல்லைக்கு அப்பால், 2011இல் வீட்டு நிலத்துக்காகத் தண்ணீரை வடிக்க ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். இப்போது ஒரு நிறுவனம் அதை இரண்டு மடங்கு ஆழமாகவும் அகலமாகவும் வெட்ட அனுமதி கேட்டிருந்தது. விசாரிக்க ஒரு குழு. இருக்கிற வாய்க்கால் காட்டுக்கு ஏதும் கெடுதல் செய்ததா என்று குழு ஆய்வு நிலையத்திடம் எழுத்தில் கேட்டது. அர்பா எல்லா எண்களையும் பார்த்து, இல்லை என்று அறிக்கை எழுதி, கையொப்பமிட்டு முந்திய கிழமைதான் கொடுத்திருந்தாள். அவளுக்கு அந்த முடிவில் சந்தோசம் இல்லை. ஆனால் எண் சொல்வதைத்தானே எழுத வேண்டும்.

அன்றைய பேச்சில் அதையே எடுத்துக்கொண்டாள். சுவரில் ஒரு படத்தைப் போட்டாள். பத்தாம் குழாய், பக்கத்தில் அளவுகோல்.

"இந்தக் குழாய் கீழ களியில ஊண்டி நிக்கிது. களி அசையாது. அப்ப மேல ஈக்கிற கறுப்பு மண் சுருங்கி எறங்கினா என்ன நடக்கோணும்? குழாய்ட கழுத்து நீளமாத் தெரியோணும். தொண்ணூத்தொம்பதுல நாப்பது. இண்டைக்கும் நாப்பது. ஒரு சென்ரிமீற்றர் கூட நெலம் எறங்கல்ல. இத நாங்க இவ்வளவு உறுதியாச் சொல்றது கிளறன்ஸ் அங்கிள்ட இருவத்தாறு வருஷத்தால."

எல்லாரும் கைதட்டினார்கள். கிளறன்ஸ் கையில் பட்டிஸ் இருந்ததால் அவரால் கும்பிடக்கூட முடியவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் மேலே வந்ததே இல்லை. நிலம்தான் கீழே போயிருக்கிறது. நிலம் போகப் போக அவர் வருடம் தவறாமல் குழாயை அடித்து, அதோடு சேர்த்துக் கீழே அனுப்பியிருக்கிறார். தொடாத காட்டைத் தொட்ட ஒரே ஆள் அவர்தான்.

அங்கேயே எழும்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூச்சம், பயம், வெட்கம் எல்லாம் சேர்ந்து அவருடைய வாயைக் கட்டிவிட்டன. மணிக்கூட்டை வாங்கினார், கைகுலுக்கினார், படத்துக்கு நின்றார். பஸ்ஸில் வரும்போது மடியில் மணிக்கூட்டுப் பெட்டி இருந்தது. ஜிந்துப்பிட்டிச் சந்தியில் இறங்க வேண்டியவர் அதைத் தாண்டிப் போய் நடந்து திரும்பி வந்தார்.

இரண்டு நேரம் சாப்பாட்டைத் தொடாமல் இருந்த பிறகு மாக்ரெட் பிடித்துக் கேட்டாள். சொன்னார். அவள் முழுவதையும் கேட்டாள், இருபத்தாறு வருடத்தில் இந்த வேலையைப் பற்றி அவள் முழுதாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க."

"நல்லதுக்குச் செஞ்சதெண்டு எழுதிற கட்டம் அந்தக் கொப்பியில இல்ல."

"சொல்லாட்டி என்ன நடக்கும்?"

"வாய்க்காலை ஆழமாக்குவாங்க. பத்துப் பதினைஞ்சு வருஷத்தில அந்தப் பக்கத்துக் காடு முடிஞ்சுது. கேட்டா, கிளறன்ஸ் அளந்து பாத்தவர், ஒண்டும் இல்லையெண்டு காட்டுவாங்க."

"சொன்னா?"

"இந்த ஆள் குழாயை அடிச்சவன், இவன்ட ஒரு எண்ணையும் நம்ப ஏலாதெண்டு இருபத்தாறு வருஷத்தையும் தூக்கிக் குப்பையில போடுவாங்க."

மாக்ரெட் சோற்றுப் பானையை மூடிவைத்தாள். "ரெண்டிலயும் உங்களுக்கு ஒண்டும் மிஞ்சாது போல இருக்கு. அப்ப போய்ச் சொல்லிட்டு வந்து சாப்பிடுங்க" என்றாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் வெள்ளவத்தைக்குப் போனார். அலுவலகத்தில் வைத்துச் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை. கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் அர்பாவின் வீடு. எதிர்பாராமல் வந்தவரைக் கண்டு அவளுக்குச் சந்தோசம். தேத்தண்ணி வந்தது. ரயில் ஒன்று போய் முடியும் வரை பொறுத்திருந்துவிட்டுக் கிளறன்ஸ் பேசினார்.

"மிஸ், அந்த நாப்பது நான் செஞ்ச நாப்பது."

"வெளங்கல்ல அங்கிள்."

"குழாய் உயர்ந்து வாற மாதிரித் தெரிஞ்சுது. நான் அடிச்சு இறக்கினன். ஒவ்வொரு ஜனவரியும்."

"குழாய் எப்பிடி உயரும், அது களியில..." அவள் பாதியில் நின்றாள். தன் வாயாலேயே இரண்டு நாளுக்கு முன்பு மேடையில் சொன்ன விடயம். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எத்தின வருஷம்?"

"ரெண்டாயிரத்துப் பதின்மூண்டில இருந்து."

"ஒவ்வொரு தடவயும் எவ்வளவு அடிச்சீங்க?"

"எழுதேல்ல."

"ஒரு தடவ கூட?"

"ஒரு தடவ கூட இல்ல மிஸ்."

அவளுக்குக் கோபம் வந்தது. அவள் குரல் உயர்த்துகிறவள் அல்ல. "மழ பேஞ்சத எழுதினீங்க. தவள கத்தினத எழுதினீங்க. எந்த மரம் எந்தப் பக்கம் விழுந்ததெண்டு எழுதினீங்க. இத எழுதல்ல. நா அந்த அறிக்கையில கையொப்பம் வச்சி ஈக்கிறன் அங்கிள்."

கிளறன்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் ஏசாமல் யன்னலுக்குப் போய் நின்றாள். பிறகு திரும்பினாள்.

"எல்லாக் குழாயையும் அடிச்சீங்களா?"

"இல்லையே. ஓடைக்கரையில இருக்கிற ஒண்டு, ரெண்டு, மூண்டு அசையேல்ல. ஏழில இருந்துதான் தொடங்கினது. ஒன்பதும் பத்தும் பெரிய கரைச்சல், அதுக்கு மட்டும் அரை நாள் போகும்."

அவள் உள்ளே போய் வரைபடத்தை எடுத்துவந்து மேசையில் விரித்தாள். ஒன்பதும் பத்தும் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் வாய்க்கால் நீலக் கோடாக ஓடியது. அவள் ஒன்றும் விளங்கப்படுத்தவில்லை. கிளறன்ஸுக்கு விளங்கியது. எந்தப் பக்கம் காடு தாழ்கிறது என்பதை அவருடைய தோள்மூட்டு பதின்மூன்று வருடமாக அறிந்திருந்தது. அதைத்தான் அவர் கரைச்சல் என்று வீட்டில் வந்து சொல்லி எண்ணெய் தேய்த்திருக்கிறார்.

அர்பா திங்கட்கிழமையே அறிக்கையைத் திரும்பப் பெறக் கடிதம் கொடுத்தாள். ஆய்வு நிலையத்தில் அவளை மூன்று கூட்டங்களுக்கு அழைத்துக் கேள்வி கேட்டார்கள். அதிலெல்லாம் என்ன நடந்தது என்று அவள் கிளறன்ஸுக்குச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

1999இல் குழாய்களை ஊன்றியபோது, ஓடை நீரை அளக்கக் கட்டிய சிறு அணைக்கட்டுப் பக்கத்தில் இருந்த பாறையில் ஓர் அடையாளம் வெட்டி, அங்கிருந்து ஒவ்வொரு குழாயின் தலையும் எவ்வளவு உயரம் என்று நில அளவைக்காரர் குறித்து வைத்திருந்தார்கள். அதைப் பிறகு யாரும் திருப்பி அளக்கவில்லை. பாறையும் களியும் அசையாது, குழாயும் அசையாது, எதற்கு வீண் வேலை என்று எல்லாரும் நினைத்ததில் தப்பில்லை. ஓகஸ்டில் அர்பா நில அளவைக்காரர் இருவரைக் கூட்டிக்கொண்டு போனாள். கிளறன்ஸும் போனார், உத்தியோகம் இல்லாமல் அவர் அங்கே போனது அதுதான் முதல் தடவை. பலகையில் நின்று அளவுகோலைப் பிடித்துக்கொடுத்தார். ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் குழாய்கள் அன்று இருந்த உயரத்திலேயே இருந்தன. ஏழாவது ஆறு சென்ரிமீற்றர் தாழ்ந்திருந்தது. ஒன்பதாவது பத்தொன்பது. பத்தாவது இருபத்துநாலு.

கழுத்து அன்றும் நாற்பது, இன்றும் நாற்பது. ஆகவே குழாய் எவ்வளவு தாழ்ந்ததோ அவ்வளவுக்கு நிலமும் தாழ்ந்திருக்கிறது. அவர் அடித்த அடி எல்லாம் இரும்பில் கூட்டாகப் பதிந்திருந்தது. நில அளவைக்காரர் எண்களைச் சத்தமாக வாசிக்க, அர்பா எழுதிக்கொண்டாள். அவள் முகத்தில் தெரிந்த நிம்மதியைக் கண்டு கிளறன்ஸுக்கும் கண் கலங்கியது. காடு தாழ்ந்துபோனதற்கு இரண்டு பேர் நிம்மதிப்பட்டது அங்கேதான் நடந்திருக்கும்.

அந்த நிம்மதி திரும்பி வரும் வழியில், வாகனத்தில் வைத்தே போய்விட்டது. அர்பாதான் அதைச் சொன்னாள்.

"இருவத்துநாலு எறங்கி ஈக்கிறது சரி. ஆனா எப்ப எறங்கினது? இந்த அளவு தொண்ணூத்தொம்பதுக்கும் இண்டைக்கும் நடுவுல எப்பவும் நடந்திருக்கலாம். வாய்க்கால் வெட்ட முந்தியே எறங்கினதெண்டு அவங்க சொல்வாங்க."

"இல்ல மிஸ். பதின்மூண்டு வரைக்கும் ஒண்டும் அசையேல்ல. நான் வருஷா வருஷம் பாத்தனான்."

"தெரியும். அதுக்கு ஒங்கட வாயத் தவிர வேற சாட்சி இல்ல."

புதிய அறிக்கையின் வரைவை அவள் செப்டெம்பரில் அனுப்பினாள். குழாய்கள் அடிக்கப்பட்டதைப் பற்றி முழுப் பக்கத்தில் ஒரு குறிப்பு. 'களப் பணியாளர் ஒருவர்' என்று அதில் இருந்தது. கிளறன்ஸ் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை வாசித்துவிட்டு அவளுக்கு அழைப்பு எடுத்தார்.

"மிஸ், என்ர பேர் இல்லையே."

"வேணாம் அங்கிள். இது எப்பவும் இருக்கப்போற காகிதம். ஏன் ஒங்கட பேரப் போட்டு."

"வாசிக்கிறவனுக்குச் சந்தேகம் வரும். ஆரிட்டக் கேக்கிறதெண்டு தெரியோணும். நான் இருக்கிற வரைக்கும் என்னட்டக் கேக்கலாம். பேரைப் போடுங்க, வீட்டு ரெலிபோன் நம்பரையும் போடுங்க."

அவள் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு சரி என்றாள்.

அறிக்கை குழுவிடம் போனதும், முதல் அழைப்பு ஒக்டோபரில் வந்தது. மாக்ரெட் மீன் வாங்கப் போயிருந்தாள். அழைத்தவர் தன்னை லோயர் நிஸாம் என்று சொன்னார், வாய்க்கால் கேட்கும் நிறுவனத்துக்காகப் பேசுகிறவர். குரலில் ஒரு மரியாதை இருந்தது.

"கிளறன்ஸ் எண்டது நீங்களா? குழாய்கள அடிச்சது?"

"ஓம், நான்தான்."

"மொதல் மொதல்ல அடிச்சது எப்ப?"

"ரெண்டாயிரத்துப் பதின்மூண்டு ஜனவரி. ஒன்பதையும் பத்தையும்."

"அதுக்கு முந்தி குழாய் ஒண்டும் மாறல்ல எண்டு சொல்றீங்க."

"மாறேல்ல."

"எங்கயாவது எழுதி ஈக்கிதா?"

"இல்ல."

"பதின்மூணு வருஷம் அடிச்சதுல ஒரு வருஷமாவது எழுதி ஈக்கிதா?"

"இல்ல."

மறுமுனையில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. கிளறன்ஸ் அது முடியும் வரை காத்திருந்தார்.

"ஒங்களுக்கு வெளங்கும்தானே. இவ்வளவு பெரிய வேலையொண்ட நிப்பாட்டச் சொல்ற. எழுத்துல ஒண்டும் இல்ல. ஒங்கட பேச்ச மட்டும் வச்சி நாங்க ஏன் நம்போணும்?"

கிளறன்ஸுக்குத் தெரியும், அது நியாயமான கேள்வி. எழுதாத ஒன்றைத் தன்னிடம் யாராவது கொண்டுவந்திருந்தால் அவரும் இதைத்தான் கேட்டிருப்பார்.

"உங்கட இடத்தில இருந்தா நானும் நம்பமாட்டன்" என்றார். "ஆனா நடந்தது அதுதான். விசாரணையில சத்தியம் பண்ணிச் சொல்லுவன். எண்டைக்கு வரோணும் எண்டு சொல்லுங்க."